எந்த வீட்டுப் பிள்ளை இந்த வாரம் பள்ளிக்கூடம் போகலை?

(நன்னிலத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"நகரத்து ஏழைப் பிள்ளைங்களுக்காக கிறிஸ்தவ சிஸ்டருங்க செய்யற வேலையைப் பத்தி உனக்குத்தான் நேர்ல தெரியும், நீ பேசு" என்று செயலாளர் அக்கா சொன்னார்கள். எனக்கு மேடை பழக்கமில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவள். குழுக் கூட்டத்தில் வட்டிக் கணக்கு சொல்லுவேன், அவ்வளவுதான். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு 2002, 2003 ஞாபகம் இருக்கும். ஜூன் 12-ஆம் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த இரண்டு வருஷமும் அந்தத் தேதியில் திறக்கவில்லை. குறுவை போச்சு. நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. நிலம் இருந்தவர்களுக்கு நஷ்டம் என்றால், நிலமில்லாத நமக்கு அடுப்பே இல்லை. எங்க வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு மெட்ராஸ் போனார். மூன்று மாதம் கழித்து நானும் இரண்டு பிள்ளைகளோடு போனேன். மூத்தவள் பெண், அப்போது பன்னிரண்டு வயது. சின்னவன் பையன், ஏழு வயது. மாமியாரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனோம்.

வடசென்னையில் ஒரு கால்வாய்க்கரையில் குடிசை. கிராமத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் பக்கத்து வீட்டில் ஒரு கை அரிசி கேட்கலாம். அங்கே பக்கத்துக் குடிசைக்காரி பேர் தெரிவதற்கே ஒரு மாதம் ஆச்சு. குழாயடியில் சண்டை போட்டுத்தான் பழக்கமானோம். ரேஷன் கார்டு நன்னிலத்தில், நாங்கள் மெட்ராஸில். பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டார்கள். அது ஊரில் இருந்தது. போய் வாங்கி வர பஸ் காசு இல்லை.

இனி சொல்லப் போவது எனக்கு வெட்கமான சமாச்சாரம். வீட்டுக்காரருக்குக் காலில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் போனது. குடிசைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும், மருந்து வாங்கணும். தெரிந்த ஒரு அம்மா சொல்லி, ஒரு வீட்டில் மூவாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு என் மகளை வீட்டு வேலைக்கு விட்டேன். மாதம் 500 சம்பளம். அதில் 250 முன்பணத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள். செப்டம்பர் மாதம் அவளை அங்கே விட்டேன். ஏழாம் வகுப்பு போக வேண்டிய பிள்ளை. பையனை நான் விடவில்லை. அவனுக்கு ஏழு வயசுதானே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சிஸ்டர் எங்கள் சந்துக்கு வந்தார்கள். அவர்கள் பெயரையோ மடத்தின் பெயரையோ நான் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு அது பிடிக்காது. சாதாரண கைத்தறிப் புடவை, கழுத்தில் ஒரு சிலுவை, தோளில் துணிப்பை. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு கால்வாய் ஓரத்தில் ஒரு பாயை விரித்து, அரிக்கேன் விளக்கு வைத்து, பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் நாலு பிள்ளைகள். இரண்டாவது வாரம் இருபது. சுண்டல் கொடுத்தார்கள், பொய் சொல்வானேன், என் மகன் முதலில் சுண்டலுக்குத்தான் போனான்.

ஊரில் இருந்து மாமியார் வந்தபோது இதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "ஏண்டி, சும்மா எவளாச்சும் சுண்டல் போடுவாளா? நாளைக்கிப் பேரை மாத்திப்புடுவாங்க, பாத்துக்க." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இல்லாமல் இல்லை. ஏனென்றால் அதே பகுதிக்கு வேறு ஒரு கூட்டமும் வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் அடுத்த மூட்டை என்றார்கள். நான் இரண்டு வாரம் போனேன். பசி. மூன்றாவது வாரம் போகவில்லை.

அதனால் சிஸ்டரிடம் நேராகவே கேட்டேன்: "எங்க பிள்ளைங்களை மாத்தத்தான் வர்றீங்களா?"

அவர்கள் கோபப்படவில்லை. "நான் யேசுவை நம்பறதாலதான் இந்தச் சாக்கடை ஓரத்துக்கு வர்றேன். அதை மறைச்சா நான் பொய்க்காரி. ஆனா உன் மவன் எழுதப் படிக்கறதுக்கும் அவன் யாரைக் கும்பிடறான்ங்கறதுக்கும் நான் முடிச்சு போட்டேன்னா, என் கடையும் வட்டிக்கடைதான். நீ சந்தேகமா இருந்தா பக்கத்துலயே உக்காந்து பாரு" என்றார்கள்.

உட்கார்ந்து பார்த்தேன். தினமும் பார்த்தேன். அப்படித்தான் நானும் கூட்டல் கழித்தலை மறுபடி படித்தேன். பொங்கலுக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது, கூத்தனூர் சரஸ்வதி கோயிலைப் பற்றி என் மகன் சொல்லியிருக்கிறான் போல. பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பேனாவைக் கொண்டுவந்து, "அத்தை, சாமிக்கிட்ட வெச்சு எடுத்துட்டு வாங்க" என்றார்கள். சிஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. பேனாக்களை எண்ணி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, "இருபத்தி மூணு இருக்கு, தொலைச்சுப்புடாத" என்று என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு என் பயம் போனது.

சகோதரிகளே, இந்த வேலை நேற்று முளைத்ததில்லை. சிஸ்டர் பாயில் உட்கார்ந்து சொன்னதையும், பிற்பாடு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கொஞ்சம் சொல்கிறேன்.

நமக்குக் கிழக்கே கடலோரம் தரங்கம்பாடி. அங்கே 1706-ல் சீகன்பால்க் என்ற ஜெர்மன்காரர் வந்து இறங்கினார். டென்மார்க் ராஜா அனுப்பிய பாதிரியார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார் என்கிறார்கள். மதத்தைப் பரப்பத்தான் வந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெண் பிள்ளை கையில் எழுத்தைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் நம் மண்ணிலேயே முந்நூறு வருஷத்துக்கு முன்னால் விதைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு கதை இத்தாலியில் இருக்கும் துரின் நகரத்துக் கதை. அங்கே ஆலைகள் பெருகின காலம். கிராமத்தில் பிழைக்க வழியில்லாத பையன்கள், கொத்தனார் வேலைக்கும் சிற்றாள் வேலைக்கும் நகரத்துக்கு வந்து தெருவில் கிடந்தார்கள். நம்ம கதைதான். 1841-ல் தொன் போஸ்கோ என்ற இளம் சாமியார் அந்தப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பாடமும் விளையாட்டும் தொடங்கினார். எனக்கு அவரைவிட அவருடைய அம்மாவைத்தான் பிடிக்கும். பேர் மார்கரீட்டா. படிக்காத கிராமத்துப் பெண். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, உழுது பிழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். 1846-ல் மகன் கூப்பிட்டான் என்று ஊரை விட்டு நகரத்துக்கு வந்து, யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சமைத்தாள், கிழிசல் தைத்தாள். செலவுக்குக் காசில்லாதபோது தன் கல்யாணத் துணிமணியையும் நகையையும் விற்றாள்.

ஆரம்பத்தில் சில பையன்களை வைக்கோல் பரணில் தூங்கச் சொல்லிப் போர்வை கொடுத்தார்கள். விடிந்து பார்த்தால் பையன்களும் இல்லை, போர்வையும் இல்லை. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "இதுங்களுக்கெல்லாம் நல்லது செய்யக் கூடாது" என்று கதவைச் சாத்தியிருப்போம். 1847-ல் ஒரு மழை ராத்திரி, தொப்பலாக நனைந்து ஒரு பையன் வந்து நின்றான். பதினைந்து வயது, தாய் தகப்பன் இல்லை, கையிருந்த காசும் செலவாகிவிட்டது. அந்த அம்மா கதவைத் திறந்தாள். அடுப்பங்கரையில் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டுப் படுக்கை செய்தாள். சோறு போட்டு, படுப்பதற்கு முன்னால் உழைப்பைப் பற்றி நாலு வார்த்தை நல்லபடியாகச் சொன்னாள். அப்புறம் அறையைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள், எதுவும் காணாமல் போகக்கூடாது என்று! எனக்கு அந்தப் பூட்டுதான் பிடித்திருக்கிறது. முழுசா நம்பிக்கை வந்த பிறகுதான் உதவுவேன் என்று காத்திருக்கவில்லை. பூட்டையும் போட்டாள், சோற்றையும் போட்டாள்.

அவளுக்கும் ஒருநாள் பொறுமை போயிருக்கிறது. பையன்கள் விளையாடி அவள் போட்ட காய்கறிப் பாத்தியை மிதித்து நாசம் பண்ணிவிட்டார்கள். "நான் ஊருக்கே போறேன்" என்று மகனிடம் சொன்னாள். மகன் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினான். திரும்பிப் போய் வேலையைப் பார்த்தாள். 1856-ல் சாகும்வரை அங்கேயே இருந்தாள்.

தொன் போஸ்கோ இன்னொன்றும் செய்தார். பையனை வேலைக்கு விட்டால் முதலாளியோடு பத்திரம் எழுதினார். 1851, 1852-ல் எழுதிய பத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அடிக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். என் மகளை நான் விட்டபோது ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அவருடைய சலேசிய சபைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்து முதலில் வேலை தொடங்கிய ஊர் எது தெரியுமா? நம்ம தஞ்சாவூர். 1906 ஜனவரியில் தொமாத்திஸ் என்ற சாமியாரின் தலைமையில் வந்து, அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை ஏற்று நடத்தினார்கள். பின்னால் அதே சபையைச் சேர்ந்த மந்தோவானி என்ற இத்தாலிய சாமியார் மெட்ராஸ் வியாசர்பாடியில் ஏழைகளோடு ஏழையாக இருந்து ஒரு நிலையத்தைத் தொடங்கினார். பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிவந்த நம் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பகுதி அது. 1967-ல் அவர் இறந்தார். இப்போதும் சென்னையில் தெருவோரப் பிள்ளைகளுக்காக அந்தச் சபையின் அன்பு இல்லம் இருக்கிறது. கல்கத்தாவில் அன்னை தெரசா 1948-ல் மோதிஜில் சேரியில் தொடங்கியதும் இப்படித்தான். பெஞ்சும் பலகையும் இல்லை; ஒரு குச்சியால் மண்ணில் எழுத்து எழுதிக் காட்டித்தான் பாடம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

சிஸ்டர் என் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததோடு விடவில்லை. வாராவாரம் என்னைக் கேட்பார்கள்: "மூத்தவ எங்க?" நான் சொல்லுவேன், "வேலைக்குப் போயிருக்கா." அடுத்த வாரமும் "மூத்தவ எங்க?" எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கத்திவிட்டேன்: "மூவாயிரம் ரூவா நீங்க குடுப்பீங்களா? குடுங்க, நாளைக்கே கூட்டியாறேன்!"

"குடுக்க மாட்டேன்" என்றார்கள். "நான் குடுத்தா ஒரு கடன்காரங்க போயி இன்னொரு கடன்காரி வருவா."

நான் சொன்னேன், "ஏழெட்டு மாசம் போனா கடன் தானா தீந்துடும்."

"தீராது. அது தீர்றதுக்குள்ள உனக்கு இன்னொரு செலவு வரும். இன்னொரு முன்பணம் வாங்குவ. நான் எத்தனை வீடு பாத்திருக்கேன்" என்றார்கள். அது நிஜம். டிசம்பரில் மழை பெய்து கூரை ஒழுகியபோது, இன்னும் ஆயிரம் கேட்கலாமா என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த டிசம்பர் முதல் வாரத்தில் சிஸ்டர் சந்தில் இருந்த பொம்பளைகளைக் கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு பேர். ஆளுக்கு வாரம் 20 ரூபாய். நாற்பது பக்க நோட்டு ஒன்று. பூ விற்கிறவள், மீன் விற்கிறவள், இட்லிக்கடைக்காரி, வீட்டு வேலைக்காரி. மாரியம்மனைக் கும்பிடுகிறவள், மசூதிக்குப் போகிறவள், சர்ச்சுக்குப் போகிறவள். வாரம் 240 ரூபாய் சேர்ந்தது. ஒன்பது வாரத்தில் 2,160. அந்தக் குழுவின் முதல் உள்கடன் எனக்குத்தான். அதற்குள் ஐந்து மாதச் சம்பளத்தில் 1,250 பிடித்தது போக, மீதி முன்பணம் 1,750. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 175 வீதம் பத்து மாதத் தவணை. மீன்காரம்மா என் கையில் நோட்டுகளை எண்ணி வைத்தார்கள். எல்லாம் மீன் வாசம் அடிக்கும் பத்து ரூபாய் நோட்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அவள் கையைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. நாற்று நடுகிற நம் கையில் சேற்றுப்புண் வருமே, அதுமாதிரி.

ஆறு மாதமாகப் புத்தகத்தைத் தொடாத பிள்ளை. சிஸ்டர் தினமும் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். டி.சி. வாங்குவதற்குப் பஸ் காசும் குழுதான் கொடுத்தது. 2004 ஜூனில் மறுபடி ஏழாம் வகுப்பு. ஒரு வருஷம் போனது போனதுதான். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தாள். இன்றைக்குத் திருவாரூரில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

இதில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். நாம் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, தவணை என்று தீர்மான நோட்டு நிறைய எழுதுகிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பிள்ளை வேலைக்குப் போகிற வீட்டில் அந்தக் கடன் எந்தக் கணக்கிலும் வராது. வெளியே முன்பணம், உள்ளே பிள்ளை. நமக்குத் தெரியாமலா இருக்கிறது? தெரியும். கேட்க மாட்டோம். "அவங்க வீட்டு விஷயம்" என்போம். என் வீட்டு விஷயத்தை ஒரு சிஸ்டர் வாராவாரம் கேட்டதால்தான் என் பிள்ளை வீட்டுக்கு வந்தாள்.

நான் மகளை விட்ட காலத்தில் வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்ற தடை வந்திருக்கவில்லை. 2006 அக்டோபர் 10 முதல் பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கும் டீக்கடை, ஓட்டல் வேலைக்கும் வைப்பது தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரைக்கும் இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. டி.சி. இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. இந்த எண்ணை உங்கள் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்கணும். "எந்த வீட்டுப் பிள்ளை இந்த வாரம் பள்ளிக்கூடம் போகலை?" பதிலை நோட்டில் எழுதணும்.

இரண்டு: முன்பணத்துக்காகப் பிள்ளையை வேலைக்கு விட்ட வீட்டுக்கு, வரிசை பார்க்காமல் முதல் உள்கடன். தவணை தவறியவளாக இருந்தாலும். பூட்டையும் போடுங்கள், சோற்றையும் போடுங்கள்.

மூன்று: நம்ம ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்து பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் ரயிலடி ஓரத்திலும் தங்குகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கூட்டமைப்புக் கட்டடத்தில் சாயங்காலம் ஒரு பாய் விரிக்கணும். நம்மில் பன்னிரண்டாவது படித்த பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! என்ன சாதி, என்ன சாமி என்று கேட்கக் கூடாது. ஓட்டுக்காகவும் இல்லை, போட்டோவுக்காகவும் இல்லை. சுண்டல் நான் கொண்டு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. என் மகள் போன வருஷம் தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்து, ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள்: "ஏம்மா, தம்பிக்கும் எனக்கும் ஒரே வயசா இருந்திருந்தா, அப்பவும் என்னைத்தானே அனுப்பியிருப்ப?"

கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை.

இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறேன். ஆமாம், அவளைத்தான் அனுப்பியிருப்பேன். உங்களில் யாரும் அந்தக் கேள்வியைத் தன் பிள்ளை வாயால் கேட்கும்படி ஆகக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அடுத்த கூட்டத்தில் சேமிப்பை எண்ணி முடித்ததும், மறக்காமல் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.